வியாழக்கிழமைதோறும் நான் தேய்த்த இரும்பு

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியது என்று பார்த்தால் மளிகைச் சீட்டும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஒரு மனுவும்தான். முன்னே நடந்ததைப் பின்னே சொல்லுவேன். சொன்னதையே திரும்பவும் சொல்லுவேன். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லச் சொன்னால் இவ்வளவுகூட என்னால் முடியாது. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சே வராது.

நான் பதினோரு வருஷம் ஒரு பட்டறையில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தேன். காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகிற வழியில், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. எங்கள் வீடு தலத்தெருவில். நடந்தே போய்விடுவேன். கொத்தனார் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு முழங்கால் போனபிறகு நான் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதே எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

டிராக்டருக்குப் பின்னால் ரோட்டவேட்டர் மாட்டிச் சேறு அடிப்பார்கள் அல்லவா, அதில் வரிசையாக வளைந்த கத்திகள் இருக்கும். அந்தக் கத்திகளைத்தான் பட்டறையில் செய்தார்கள். இரும்புப் பட்டையை அளவாக வெட்டி உலையில் வைப்பார்கள். முதலில் பழுத்த மிளகாய் நிறம் வரும், அதற்கு மேல் போனால் பப்பாளிப் பழ நிறம். அந்த நிறத்தில் இடுக்கியால் எடுத்து, பிரஸ் என்கிற அழுத்துகிற மெஷினில் இருக்கிற டை மேல் வைப்பார்கள். டை என்றால் அச்சு. கத்தி எப்படி வளைய வேண்டுமோ அந்த வளைவு அதில் வெட்டியிருக்கும். மேலேயிருந்து பிரஸ் இறங்கும். சிவந்த பட்டை டையின் விளிம்பு மேல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் வளையும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பிறகு அதை எண்ணெயில் போட்டுவிடுவார்கள்.

டை சிவப்பாகாது. ஆனால் ஒரு மணி நேரம் வேலை நடந்தபிறகு அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் நிற்காது, உருண்டு ஓடும். அந்தச் சூட்டில் இரும்பு மேல் இரும்பு வழுக்கி வழுக்கி, டையின் விளிம்பு தேயும். முதலில் நகத்தால் கீறினது போல இருக்கும். பிறகு வாய்க்கால் வெட்டினது போல ஆகிவிடும். அதற்குப் பிறகு வருகிற கத்தியில் எல்லாம் அந்தக் கோடு விழும், வளைவும் தப்பாகும். டையைக் கழற்றிவிட்டு வேறு போட வேண்டியதுதான்.

அந்த டைகளைச் செய்து, தேயாதபடி இறுகுவதற்குப் பதம் ஏற்றுகிறவர் அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். டெம்பர்காரர் என்றுதான் அவரை எல்லோரும் சொல்வார்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர், அக்கா என்று கூப்பிடுவார். டைக்குப் பதம் ஏற்றுகிற நாளில் பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. காய்ச்சுவார், எண்ணெயில் இறக்குவார், மறுபடியும் மிதமாகக் காய்ச்சுவார். கடைசியில் ஓர் அரத்தை எடுத்து டை மேல் இழுப்பார். அரம் பிடிக்காமல் கண்ணாடி மேல் போவது போல வழுக்கினால் அவர் முகத்தில் ஒரு சின்ன சிரிப்பு வரும். அவ்வளவுதான். வேறு பெருமை பேச மாட்டார்.

பிரஸ் ஓட்டுகிறவர் அதற்கு நேர் எதிர். வாய் மூடாது.

முதலாளி ஒரு பாய். வளைகுடாவில் பெரிய மெஷின் பட்டறையில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். ஆனால் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். வெள்ளிக்கிழமை பட்டறைக்கு லீவு. நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்த்துவிட்டு நான் வேலைக்குப் போவேன். கொஞ்சம் நேரமானாலும் அவர் ஒன்றும் கேட்டதில்லை.

இனிமேல்தான் என் விஷயம்.

ஒரு வருஷம் முதலாளி வெளியூரிலிருந்து புது ஸ்டீல் வரவழைத்தார். சூட்டு வேலைக்கென்றே செய்கிற உயர்ந்த ஸ்டீல். பழையதைப் போல இரண்டு பங்கு உழைக்கும் என்று கொடுத்தவர்கள் சொன்னார்களாம். டெம்பர்காரர் அதில் டை வெட்டிப் பதம் ஏற்றினார். அரம் வழுக்கியது. பிரஸ்ஸில் மாட்டினார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பங்குக் கோயிலில் பித்தளை மெழுகுத்திரித் தண்டுகளை மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பெண்கள் சேர்ந்து புளி போட்டுத் துலக்குவோம். என் தண்டுதான் அதிகம் பளபளக்கும். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு மனசுக்குள் கர்வம். பட்டறையிலும் அப்படித்தான். வேலை நடக்க நடக்க டையின் விளிம்பில் கருநீலமாக ஒரு மினுக்கம் படரும். அதற்கு முன்னால் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்குத்தான் டையைத் தேய்ப்பார்கள். இவ்வளவு உயர்ந்த இரும்பை இப்படிக் கறுக்க விடலாமா என்று எனக்குத் தோன்றியது. வியாழக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கை கால் கழுவுகிற நேரத்தில், டை ஆறியிருக்கும், நான் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.

முதல் வாரமே முதலாளி நின்று பார்த்தார்.

"மாஷா அல்லா. கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்கம்மா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வார்த்தைதான் காதில்.

அந்த டை பழைய டை உழைத்ததில் பாதிகூட உழைக்கவில்லை. அடுத்தது அதைவிடச் சீக்கிரம் போனது.

பிரஸ் ஓட்டுகிறவருக்குப் பேச இது போதாதா.

"என்ன டெம்பரு, டை வெட்டுனீரா, வெல்லம் ஊத்துனீரா? கரையுதேய்யா."

"அரத்த எடுத்துப் போட்டுப் பாரும்," என்றார் டெம்பர்காரர்.

"அரத்துக்கிட்ட நல்லாத்தான் நிக்குது. பட்டைக்கிட்டதான் மானம் போவுது."

முதலில் டெம்பர்காரரும் சிரித்தார். மூன்றாவது டை போனபோது சிரிக்கவில்லை. டீ குடிக்கிற நேரத்தில் தனியாகப் போய் உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தேய்ந்துபோன டையை மடியில் வைத்துக்கொண்டு விளிம்பைத் தடவித் தடவிப் பார்ப்பார். ஒருநாள் என்னிடம், "ஒருவேள எண்ணெயில இறக்குறதுல கை தாமசமா இருக்கோ அக்கா? கண்ணு முன்னமாரி நெறம் தெரியலயோ என்னமோ," என்றார். எனக்கு அந்த வேலை தெரியாது.

நாலாவது டை மாட்டிய நாள் முதலாளி வந்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"இந்த டையும் அப்படிப் போச்சுன்னா, டெம்பர் வேலைய திருச்சிக்கு அனுப்பிடப் போறேன். உங்க மேல கோவம் இல்ல. ஸ்டீல் நல்ல ஸ்டீல். அப்ப வேற எங்கதான் தப்பு இருக்கும், நீங்களே சொல்லுங்க."

டெம்பர் வேலை வெளியே போனால் டெம்பர்காரருக்கு அங்கே வேறு வேலை இல்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

பெருக்குகிறவளுக்குத் தெரிகிற சில விஷயங்கள் மற்றவர்களுக்குத் தெரியாது. பட்டையிலிருந்து உதிர்கிற கறுப்புச் செதில் வெங்காயச் சருகு மாதிரி பெரிது பெரிதாக இருக்கும், கொட்டகை முழுக்கப் பறக்கும். ஆனால் டைக்கு நேர் கீழே விழுகிற தூசி வேறு. அதைத் தனியாக ஒரு தகரத் தட்டில் வாருவேன். அது எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. லீவு முடிந்து சனிக்கிழமை வாருகிறபோது நிறைய இருக்கும், வெள்ளி மாதிரி மினுமினுக்கும், விரலில் குத்தும். செவ்வாய் புதன் ஆகிறபோது கொஞ்சம்தான் இருக்கும். மினுக்கம் இருக்காது. கேழ்வரகு மாவு மாதிரி நைசாக, கருஞ்சிவப்பாக இருக்கும். இதை நான் பல வாரம் பார்த்திருக்கிறேன். பார்த்தேனே தவிர யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது என் வீட்டு அடுப்படி. மருமகள் தோசைக்கல்லைக் கம்பி நார் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தாள். அன்றைக்கு முதல் தோசை கல்லோடு ஒட்டிப் பிய்ந்துபோனது. இரண்டாவதும் அப்படித்தான்.

"கல்ல இப்புடியா தேய்க்கிறது? பழகுன கல்லுக்கு ஒரு கறுப்பு இருக்குமே, அத எடுத்துட்டா ஒட்டாம என்ன செய்யும்?" என்றேன்.

"அழுக்கா இருந்துச்சுன்னு தேய்ச்சேன் அத்த. நீங்க பட்டறையில டை தேய்க்கிற அழக ஊரே சொல்லுது, நான் தேய்ச்சா மட்டும் குத்தமா," என்றாள் அவள், விளையாட்டாகத்தான்.

தோசைத் திருப்பி கையில் இருக்க நான் அப்படியே நின்றுவிட்டேன்.

தோசைக்கல்லும் டையும் ஒன்றா என்று எனக்குத் தெரியாது. இது எண்ணெய் ஏறின கறுப்பு, அது வேறு. டைக்குக் கிராஃபைட் கலவை தடவுவார்கள், அந்தக் கறுப்புதான் படிகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் கிராஃபைட் துணியால் துடைத்தால் போய்விடும். இந்தக் கருநீலம் போகாது. அதை எடுக்க நான் உப்புத்தாளை அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. வியாழக்கிழமை தேய்க்கிறேன். சனிக்கிழமை மினுக்குத் தூசி கொட்டுகிறது. கறுப்பு மறுபடி படரப் படரத் தூசி குறைகிறது. அதற்குள் அடுத்த வியாழக்கிழமை வந்துவிடுகிறது. புது ஸ்டீல் வந்ததும் நான் தேய்க்க ஆரம்பித்ததும் ஒரே சமயம்.

சொல்லிவிட்டிருக்கலாம். எனக்குச் சொல்லத் தைரியமில்லை. கூச்சம் ஒரு பாதி. மூன்று டைகளைக் கெடுத்தது நான்தான் என்று தெரிந்தால் என்னை வைத்திருப்பார்களா என்ற பயம் மறுபாதி. அதனால் ஒரு வழி செய்தேன். அந்த வியாழக்கிழமை தேய்க்காமல் விட்டேன். சத்தமில்லாமல் எல்லாம் சரியாகிவிடும், யாரும் யாரையும் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். கொஞ்சம் கோழைத்தனம்தான்.

சனிக்கிழமை தட்டில் விழுந்த தூசியைப் பார்த்தேன். மாவு மாதிரிதான் இருந்தது. வெள்ளி மினுக்கம் இல்லை. அதை ஒரு பழைய காலண்டர் தாளில் மடித்து வைத்தேன். போன சனிக்கிழமை வாரிய மினுக்குத் தூசி குப்பை டின்னின் அடியில் இன்னும் கிடந்தது. அதிலும் ஒரு கை எடுத்து இன்னொரு தாளில் மடித்தேன். எதற்கு மடித்தேன் என்று கேட்டால் தெரியாது. பேச வராதவளுக்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும் போலிருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமையும் தேய்க்காமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். பிரஸ் ஓட்டுகிறவர் விடவில்லை.

"என்ன அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லயா? ரெண்டு வாரமா டை கரிச்சட்டி மாதிரி இருக்கு."

அது டெம்பர்காரர் காதில் விழுந்துவிட்டது. அவருக்கு அந்த டைதான் கடைசி. அதன் மேல் ஒரு அழுக்கு இருந்து, அதனால் கோடு விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தாரோ என்னவோ, "நீங்க போங்கக்கா, நான் தேய்ச்சுக்கிறேன்," என்று உப்புத்தாளை எடுத்துக்கொண்டு டைக்கு முன்னால் குந்திவிட்டார். சின்னப் பிள்ளைக்கு முகம் கழுவி விடுகிறவரைப் போல இடது கையால் டையைத் தாங்கிக்கொண்டார்.

நான் அதுவரை அந்தப் பட்டறையில் யாரையும் ஒன்றைச் செய்யாதே என்று சொன்னதில்லை.

"வேணாம் தம்பி."

அவருக்குக் கேட்கவில்லை. உப்புத்தாள் ஒரு இழுப்பு இழுத்துவிட்டது. நான் போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"அக்கா?" என்று அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தேய்க்காதீங்க. தேய்ச்சாத்தான் போவுது."

"எது போவுது?"

முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு தாள்களையும் எடுத்துத் தரையில் பிரித்து வைத்தேன். அதற்குள் முதலாளியும் அறையிலிருந்து வந்துவிட்டார். எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"இது தேய்ச்ச வாரம் விழுந்த தூசி. இது தேய்க்காத வாரம்," என்றேன். குரல் எனக்கே கேட்டதா தெரியவில்லை.

முதலாளி உட்கார்ந்து இரண்டையும் விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு டையின் விளிம்பைத் தடவினார். உப்புத்தாள் பட்ட இடத்தையும் படாத இடத்தையும் தடவினார்.

"இது பட்டைச் செதில் இல்லையா?"

"இல்ல முதலாளி. செதில் வேற, தனியா வாருவேன். இது டைக்கு அடில விழுறது." அப்புறம் எப்படியோ மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். "புது ஸ்டீல் வந்ததுலேருந்து வியாழக்கிழம வியாழக்கிழம நான்தான் தேய்ச்சேன். டெம்பர் மேல தப்பு இருக்காது."

பிரஸ் ஓட்டுகிறவர், "அப்ப நம்ம வெல்லத்துல எறும்பு அக்காதானா," என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு விலகிப் போனார்.

டெம்பர்காரர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நாலு மாதம் அந்த மனுஷன் தன் கண்ணையும் கையையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் அது இருந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

முதலாளி எழுந்தார். "நீங்க தேய்ச்சத நாங்க எல்லாரும் பாத்துட்டுத்தானம்மா இருந்தோம். நான் கண்ணாடி மாதிரி இருக்குன்னு வேற சொன்னேன்," என்றார். பிறகு, "யாரும் இந்த டையத் தொட வேணாம். என்ன ஆகுதுன்னு பாப்போம்," என்றார்.

யாரும் தொடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து காலையில் வேலை தொடங்குமுன் பிரஸ் ஓட்டுகிறவர் சிவந்த பட்டை ஒன்றை டை மேல் வைத்து அதைச் சூடேற்றிக்கொண்டார். அதையும் முதலாளிதான் சொன்னார். குளிர்ந்த டையில் உடனே அடித்தால் அப்போதும் கொஞ்சம் மினுக்குத் தூசி விழுகிறது என்று அதற்குள் நாங்கள் கண்டுகொண்டிருந்தோம். நான் தினமும் தட்டை முதலாளியிடம் காட்டுவேன். பேச வேண்டியதில்லை, காட்டினால் போதும். அந்த நாலாவது டை சம்பா நடவு முடிகிற வரை நின்றது. பழைய டைகளில் எதுவும் அவ்வளவு நின்றதில்லை.

திருச்சிப் பேச்சு அதோடு நின்றது. என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. பிரஸ் பக்கத்தில், 'டையைத் தேய்க்கக் கூடாது' என்று பெயிண்டில் எழுதி வைத்தார்கள். அது எனக்காக எழுதியது என்று புதிதாக வருகிறவர்களிடம் பிரஸ் ஓட்டுகிறவர் தவறாமல் சொல்லுவார்.

டெம்பர்காரர் மட்டும் பத்துப் பதினைந்து நாள் என்னிடம் பேசவில்லை. டீ கொண்டுபோய் வைத்தால் குடிப்பார், முகம் பார்க்க மாட்டார். எனக்கு அது கஷ்டமாக இருந்தது, ஆனால் நியாயம்தான். பிறகு ஒருநாள் அவராகவே வந்து தகரத் தட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு எப்புடிக்கா?"

"மாவுதான் தம்பி."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருக்கலாம்," என்றேன்.

பின்னால் காலேஜில் இரும்பைப் பற்றிப் பாடம் நடத்துகிற ஒருவர் பிள்ளைகளோடு பட்டறையைப் பார்க்க வந்தார். முதலாளி இந்தக் கதையைச் சொல்ல, அவர் விளக்கினார். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வெறும் இரும்பும் வெறும் இரும்பும் சூட்டில் உரசினால் ஒட்டிக்கொண்டு பிய்யுமாம். பிய்ந்த தூள் சூட்டில் துருவாகி, உரசலில் மறுபடி அமுங்கி, ஓடு மாதிரி இறுகிவிடுமாம். அந்த ஓடுதான் டையைக் காப்பாற்றுகிறதாம். சூடு போதாவிட்டால் ஓடு சரியாகக் கட்டாது. சூடு மிஞ்சினால் அடியில் இருக்கிற ஸ்டீலே இளகிவிடும், ஓடு இருந்தும் பயனில்லை. அதனால் டெம்பர் சரியாக இருந்ததால்தான் ஓடும் நின்றது என்று அவர் சொன்னபோது, டெம்பர்காரர் அந்தச் சின்ன சிரிப்பு சிரித்தார். அதைப் பார்க்கத்தான் நான் அவ்வளவு நேரம் அங்கே நின்றிருந்தேன்.

எனக்கு நினைவு இருக்கிற வரை எழுதிவிட்டேன். காலேஜ்காரர் சொன்னதில் நான் எதையாவது மாற்றி எழுதியிருப்பேன், இரும்பு தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்த வேண்டும். அந்தப் பட்டறை இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது. டெம்பர்காரர் அம்பகரத்தூரில்தான் இருக்கிறார், கண் ஆபரேஷன் ஆனபிறகு நன்றாகப் பார்க்கிறார். அவரிடமும் ஒரு தடவை படித்துக் காட்டிக் கேளுங்கள். முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும். என்னால் கெட்டது மூன்று டை என்று எழுதியிருக்கிறேன். ஐந்து என்று அவர் யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் கை பட்டுச் செய்தது, அவருக்குத்தான் சரியாகத் தெரியும். ஐந்து என்று சொன்னால், மேலே நான் எழுதியதை அடித்துவிட்டு ஐந்து என்றே போட்டுவிடுங்கள்.